சிவனொளிபாதமலையில் நட்சத்திர வானம், சூரிய உதயம், முக்கோண நிழல்: ஒரே இரவில் மூன்றும் எடுக்க முடியுமா?

கோவை_லென்ஸ் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. 2027 பிப்ரவரி அமாவாசையை ஒட்டி இலங்கை சென்று சிவனொளிபாதமலை ஏறத் திட்டம். அமாவாசை 6ஆம் தேதி, சனிக்கிழமை. அன்றிரவு 10 மணிக்கு நல்லதண்ணியில் ஏறத் தொடங்கினால் ஒன்றரை மணிக்குள் உச்சி. அங்கேயே பால்வீதி, நட்சத்திரத் தடம், பிறகு உதயம், அதன் பின் மேற்கே விழும் மலையின் முக்கோண நிழல் என்று எல்லாவற்றையும் ஒரே இரவில் முடித்துவிடலாமா?

கையில் இருப்பவை: 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமரா, 12 மி.மீ. எஃப்/2 மேனுவல் லென்ஸ், 18–135 மி.மீ. ஜூம், 1.3 கிலோ கார்பன் ட்ரைபாட், இரண்டு பேட்டரி, இன்டர்வலோமீட்டர் (இடைவெளி விட்டுத் தானாகப் படமெடுக்கும் கருவி). நட்சத்திரங்களோடு கேமராவைச் சுழற்றும் டிராக்கர் கிடையாது.

தெரிய வேண்டியவை: எந்த நேரத்தில் எந்தத் திசையைப் பார்ப்பது, எக்ஸ்போஷர் எவ்வளவு, நிழலுக்கு எந்த லென்ஸ், பனியில் லென்ஸ் மங்காமல் இருக்க என்ன செய்வது. போலரைசர் (முனைவாக்க வடிகட்டி) வாங்கலாமா என்றும் யோசனை இருக்கிறது.

மஸ்கெலியா_மேகம்:

வணக்கம். முதலில் திகதியை மாற்றுங்கள். பெப்ரவரி 4 வியாழன், இலங்கையின் சுதந்திர தினம். வெள்ளியையும் லீவாகப் போட்டுக்கொண்டு நான்கு நாள் விடுமுறையாக ஆக்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர். சீசன் நடுவில் அப்படி ஒரு வார இறுதி வந்தால், கடைசி ஏற்றத்தில் கைப்பிடிக் கம்பி இருக்கும் இடத்தில் வரிசை நகரவே நகராது. உதயம் முடிந்த பிறகும் பாதிப் படியில் நிற்க வேண்டி வரலாம். அமாவாசை அன்றே ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை. 8 திங்கள் மாலை நிலவு மெல்லிய பிறைதான், இரவு எட்டுக்குள் மறைந்துவிடும். 9 செவ்வாய் அதைவிட முக்கால் மணி நேரம் போலப் பிந்தும். நள்ளிரவுக்குப் பின் இரண்டு நாளும் முழு இருட்டு. போயா (பௌர்ணமி) தினத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம்: கூட்டமும் உச்சம், நிலவும் முழுசு.

அடுத்தது, ஒரே இரவு என்பதை விட்டுவிடுங்கள். காரணம் விளக்குகள். மார்கழிப் போயாவிலிருந்து (டிசம்பர்) வெசாக் போயா (மே) வரை சீசன். அந்த மாதங்களில் நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை பாதை முழுக்க மின்விளக்கு எரியும், உச்சியிலும் எரியும். பக்தர்கள் கால் தவறாமல் ஏற அது வேண்டும். ஆனால் விளக்குக்கு அடியில் நின்றுகொண்டு விளக்கில்லாத வானத்தை எடுப்பது கடினம். சீசன் இல்லாத மாதங்களில் விளக்கு இருக்காது என்று சிலர் யோசனை சொல்வார்கள். அப்போது மழை, மேகம், அட்டை, பலத்த காற்று. 2,243 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் நின்று விடிவதைப் பார்க்காமலே இறங்கும் வாய்ப்புத்தான் அதிகம். இந்தப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம்.

ஆகவே இரண்டு இரவாகப் பிரியுங்கள். முதல் இரவு மலையைக் கீழிருந்து எடுங்கள். மவுசாகலை நீர்த்தேக்கக் கரை, நல்லதண்ணியைச் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகள் எல்லாம் இதற்கு ஏற்றவை. அங்கிருந்து உச்சி தென்மேற்கில், சற்று மேற்கே தள்ளி, திசைகாட்டியில் 240 பாகை போல இருக்கும். நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சில பாகை மாறும் என்பதால் பகலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே விளக்குகள் உங்களுக்கு வேலை செய்யும். அடிவாரத்திலிருந்து உச்சி வரை மலையின் மடிப்புகளில் வளைந்து ஏறும் ஒளிச்சரடுதான் இந்த மலையை மற்ற எந்த மலையிலிருந்தும் பிரித்துக் காட்டுகிறது. உச்சியில் நிற்பவர் கேமராவுக்கு அது சிக்கவே சிக்காது.

8ஆம் திகதி சூரியன் 6.18 வாக்கில் 255 பாகையில் மறைகிறது, அதாவது மலைக்குச் சற்று வலப்புறத்தில். 6.45க்கும் 7 மணிக்கும் இடையில் பின்னால் செவ்வொளி, முன்னால் கறுத்த மலை, அதில் விளக்கு வரிசை, வலப்புறம் மேலே பிறை. 18 மி.மீ.யில் எல்லாம் அடங்கும். ட்ரைபாடை அசைக்காமல் அதே ஃப்ரேமில் ஐஎஸ்ஓ 200, எஃப்/4-இல் 5, 10, 20 விநாடி என மூன்று படம் எடுத்து வையுங்கள். நள்ளிரவில் எடுக்கும் நட்சத்திரப் படத்தில் விளக்குகள் வெந்து வெள்ளைத் தீற்றலாகிவிடும். அந்த இடத்தில் இவற்றை வைத்துக் கலக்கலாம்.

இரவு ஒரு மணிக்கு மலைக்கு நேர் மேலே, கொஞ்சம் வலத்தில், 34 பாகை உயரத்தில் சிரியஸ். இடப்பக்கம் தாழ்ந்து 14 பாகையில் கனோபஸ் என்ற அகத்திய நட்சத்திரம். வானத்தின் மிகப் பிரகாசமான இரண்டு நட்சத்திரங்களும் மலையின் இரு தோளிலும் இறங்கும் நேரம் அது. நட்சத்திரத் தடம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. 30 விநாடிப் படம் 240 எடுத்தால் இரண்டு மணி நேரத் தடம். ஒன்று மட்டும்: வட துருவத்தைச் சுற்றி வட்ட வட்டமாக வரும் தடத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இந்த இடம் 6.8 பாகை வட அகலாங்கு. துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் 7 பாகைகூட இல்லை, புகார்ப் படலத்துக்குள் (காற்றில் மிதக்கும் மங்கல் மூட்டம்) கிடக்கும். தென்மேற்கில் கோடுகள் செங்குத்தாக, வலப்பக்கம் சிறிது சாய்ந்து மலைமேல் மழைபோல இறங்கும். அதுதான் இந்த நிலநடுக்கோட்டுப் பக்கத்து வானத்தின் அழகு.

இரண்டாம் இரவு ஏறுங்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பையோடு மூன்றரை முதல் நான்கு மணி நேரம். உதயத்துக்கு மட்டும் என்றால் ஒன்றரை மணிக்குக் கிளம்பினால் போதும். மிக முன்னதாகப் போய் வியர்வை ஈரத்தோடு காற்றில் உட்காருவதுதான் பலரும் செய்யும் பிழை. விடியற்காலையில் உச்சி 5 முதல் 10 பாகை செல்சியஸ் வரை இறங்கும், காற்று அடித்தால் அதைவிடக் குளிராகத் தெரியும். மாற்றிக்கொள்ள உலர்ந்த பனியன் ஒன்று கேமராவுக்குச் சமமான முக்கியம்.

இருள்வானம்:

மேலே சொன்ன இரண்டு இரவுத் திட்டம் சரி. ஆனால் உச்சியில் பால்வீதி எடுக்கவே முடியாது என்ற முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. திசையைப் பாருங்கள். நல்லதண்ணி வழியாக வரும் ஹட்டன் பாதையின் விளக்குகள் வடகிழக்கில், இரத்தினபுரி நகரமும் அந்தப் பக்கப் பாதையும் தென்மேற்கில், கொழும்பின் ஒளி மேற்கில், நுவரெலியா கிழக்கு வடகிழக்கில். தென்கிழக்கில் இருப்பது சிகர வனச் சரணாலயம், ஹோர்ட்டன் சமவெளி வரை தொடரும் காடு. பிப்ரவரி விடியற்காலையில் பால்வீதியின் மையம் எழுவதும் அதே தென்கிழக்கில்தான். வானம் கருணை காட்டும் ஒரே திசையில் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது.

10ஆம் தேதி அதிகாலைக்கான கணக்கு: பால்வீதியின் மையம் 2.50 வாக்கில் எழும். தெற்குச் சிலுவை 3.20க்கு நேர் தெற்கில் 23 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்கும், அதன் இடப்பக்கம் ஆல்ஃபா, பீட்டா சென்டாரி. 4.30க்கு மையம் 20 பாகை உயரம், திசை 125. மூன்றரைக்குப் பின் விடிவெள்ளியும் தனுசுப் பகுதியில் சேர்ந்துகொள்ளும். அகன்ற அப்பர்ச்சரில் அது பெரிய ஒளிப்பொட்டாக வரும், சட்டத்தின் ஓரத்தில் வைத்தால் கோமா என்ற லென்ஸ் குறையால் வால் முளைக்கும். வானியல் விடியல் 5.14க்குத் தொடங்குகிறது. அதற்குப் பின் இருட்டு இல்லை. ஆக 4.15 முதல் 5.10 வரை உங்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதற்காக ஏற்றத்தை நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்க வேண்டும்.

அந்த நேரத்தில் பால்வீதி தலைக்கு மேல் போகாது. கிழக்கு வடகிழக்கில் தொடங்கி தென்கிழக்கு, தெற்கு வழியாக மேற்குத் தென்மேற்கு வரை தாழ்ந்த வில்லாகக் கிடக்கும். வில்லின் உச்சி 23 பாகைதான். 12 மி.மீ.யைச் செங்குத்தாக வைத்து 30 பாகைக்கு ஒரு படமாக 5 அல்லது 6 படம் எடுத்தால் முழு வில்லும் பனோரமாவில் விழுந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் எடுக்கும் பனோரமாவில் வரும் நெளிவுத் தொல்லை இதில் இல்லை.

எக்ஸ்போஷர். 500 விதியை (500ஐ 35 மி.மீ. ஃபிலிமுக்குச் சமமான குவியத் தூரத்தால் வகுத்து விநாடி காண்பது) மறந்துவிடுங்கள். அது ஃபிலிம் காலத்து அளவு. உங்கள் கேமராவில் அது 28 விநாடி கொடுக்கும். அதற்குள் நட்சத்திரம் 5, 6 பிக்சல் நகர்ந்து புள்ளி கோடாகிவிடும். நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும் நேரத்தைச் சொல்லும் என்பிஎஃப் கணக்கு நம்பகமானது: எஃப் எண்ணை 35ஆல் பெருக்குங்கள், பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 30ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டிக் குவியத் தூரத்தால் வகுங்கள். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி-யில் பிக்சல் 3.9 மைக்ரான். 70-உம் 117-உம் 187. பன்னிரண்டால் வகுத்தால் 15.6. ஆகவே எஃப்/2, 15 விநாடி, ஐஎஸ்ஓ 3200. கோப்பு ‘ரா’ வடிவம், வெண்சமன் 4000 கெல்வின், லென்ஸ் அல்லது கேமரா உடலில் உள்ள நடுக்கத் தடுப்பு அணைத்த நிலையில், நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பும் அணைத்த நிலையில். அதைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரம் கேமரா கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு இருப்பதே ஒரு மணி நேரம்.

டிராக்கர் இல்லாத குறையை, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சரிசெய்யலாம். ஒரே ஃப்ரேமில் 16 படம், இடைவெளி 1 விநாடி. 16 படத்தை அடுக்கினால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். விண்டோஸ் கணினியில் சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருள் வானத்தையும் தரையையும் தனித்தனியே அடுக்கித் தரும். லென்ஸ் மூடியைப் போட்டு அதே அமைப்பில், சென்சாரின் இரைச்சலைக் கழிக்க உதவும் 10 இருட்டுப் படங்களும் எடுத்துவிடுங்கள்.

ஃபோகஸில்தான் நிறைய இரவுகள் வீணாகின்றன. லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கும் இடம் உண்மையான முடிவிலி அல்ல. ஆல்ஃபா சென்டாரியைத் திரையில் அதிகபட்சம் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறியதாகும் வரை வளையத்தை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிறகு வளையத்தின் மேல் டேப். அடிவாரத்தில் பிடித்த ஃபோகஸை உச்சியில் நம்ப வேண்டாம். வெப்பநிலை குறைந்தால் கண்ணாடியும் உலோகமும் சுருங்கி, எஃப்/2-இல் அது தெளிவாகத் தெரியும்.

விளக்கு பற்றி. மேடையின் தென்கிழக்கு ஓரத்தில் விளக்குக் கம்பங்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்படி நில்லுங்கள். ஒளி நேராக முன் கண்ணாடியில் படாவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஹூட் போதாது, கறுப்புத் துணியோ மடக்கிய கறுப்புக் குடையோ கொண்டு பக்கவாட்டை மறையுங்கள். உண்மையான எதிரி மெல்லிய மூடுபனி. கண்ணுக்கே தெரியாத படலமும் விளக்கொளியை வாங்கிச் சிதறடிக்கும், ஃப்ரேம் முழுக்கச் சாம்பலாகும். 5 விநாடி, ஐஎஸ்ஓ 6400-இல் ஒரு சோதனைப் படம் எடுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) மேடு நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனால் அந்த நேரத்தில் எடுத்துப் பயனில்லை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

கோவை_லென்ஸ்:

மிக்க நன்றி இருவருக்கும். திங்கள், செவ்வாய் என்றே மாற்றிக்கொள்கிறேன். அடுத்து இரண்டு சந்தேகம். உதய நேரத்தில் கிழக்கையும் மேற்கையும் ஒரே ஆள் எப்படிச் சமாளிப்பது? இருளிலிருந்து வெளிச்சம் வரை டைம்லாப்ஸ் எடுத்தால் எக்ஸ்போஷரை எந்த வேகத்தில் மாற்றுவது?

நிழல்முனை:

கிழக்கா மேற்கா என்பதற்கு நேரமே பதில் சொல்கிறது. 10ஆம் திகதி உதயம் 6.26, திசை 105. கிழக்கில் 30 கிலோமீட்டர் தொலைவில் கிரிகல்பொத்தை 2,388 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்த மலைத்தொடர் ஏறக்குறைய உங்கள் கண்மட்டத்திலேயே இருப்பதால் சூரியன் பஞ்சாங்க நேரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பின்னாக அதன் விளிம்பில் வரும். அதுவரைதான் கிழக்கு. முதல் கதிர் தெரிந்த இரண்டாவது நிமிடம் மேற்குப் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். கூட்டம் முழுவதும் கிழக்கே பார்த்து நிற்பதால் மேற்கு ஓரத்தில் அப்போது இடம் கிடைக்கும், ஆனால் போகும் வழியில் ஆட்கள் நிற்பார்கள். ட்ரைபாடை மடித்துப் பையில் போட்டுவிட்டுக் கையில் கேமராவோடு போங்கள். நிழலுக்கு ட்ரைபாட் தேவையே இல்லை.

நிழல் ஏன் முக்கோணம் என்று புரிந்தால் எப்படி எடுப்பது என்பதும் புரியும். மலை முக்கோணமாக இருப்பதால் அல்ல. ஸ்பெயினின் தெய்தே, ஜப்பானின் ஃபூஜி எதன் உச்சியில் நின்றாலும் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். நிழல் என்பது தரையில் படிந்த கறை மட்டும் இல்லை, காற்றுக்குள் பல பத்துக் கிலோமீட்டர் நீளும் இருட்டுச் சுரங்கம். அதன் ஒரு முனையில் நின்று நீளவாக்கில் பார்க்கிறீர்கள். நேரான தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் அந்தச் சுரங்கத்தின் விளிம்புகளும் கூடுகின்றன. கூடும் புள்ளி சூரியனுக்கு நேர் எதிர். பெப்ரவரி 10இல் அது 285 பாகை, கிட்டத்தட்டக் கொழும்புத் திசை.

இதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது. இவ்வளவு உயரத்திலிருந்து மேற்கே கடல் தொடுவானம் கண்மட்டத்துக்கு 1.4 பாகை கீழே இருக்கும். சூரியன் கிழக்கில் தலைகாட்டும்போது எதிர்ப்புள்ளி கண்மட்டத்தை ஒட்டி இருக்கும், அதாவது தொடுவானத்துக்கு மேலே. அதனால் முதல் ஐந்து நிமிடம் நிழலின் முனை நிலத்தைத் தொடாமல் புகார்ப் படலத்தின் மீது வானத்தில் நிற்கும். தனியாக ஒரு மலை எழுந்து நிற்பதுபோல் தெரிவது அப்போதுதான். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறுகிறது, முனையும் அதே வேகத்தில் இறங்குகிறது. 6.32க்குத் தொடுவானத்தைத் தொடும். 6.50க்கு அதற்கு நாலு பாகை கீழே நிலத்தில் கிடக்கும், நீளம் 20 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கும். அதன் பின் எடுப்பவை ஆவணமாக இருக்கும், படமாக இருக்காது.

லென்ஸ் 12 மி.மீ.தான். முக்கோணத்தின் அடி உங்கள் காலடியில் இரண்டு பக்கமும் விரிகிறது, 18இல் அடி வெட்டுப்படும். அதன் பின் நேரம் இருந்தால் 50 மி.மீ. அளவில் முனையை மட்டும். எஃப்/5.6, ஐஎஸ்ஓ 200, மேனுவல், ஷட்டர் 1/125இலிருந்து தொடங்கி ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மங்கல் காட்சி, மாறுபாடு மிகக் குறைவு, ஆகவே ஹிஸ்டோகிராம் ஒடுங்கிய மேடாக நடுவில் நிற்கும். அதைச் சற்று வலப்பக்கம் தள்ளி எடுத்து, பிறகு கணினியில் மாறுபாட்டைக் கூட்டுங்கள். ‘ரா’ இல்லாமல் எடுத்தால் கூட்டும்போது வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

போலரைசர் வாங்க வேண்டாம். வான ஒளியின் முனைவாக்கம் சூரியனுக்கு 90 பாகையில்தான் அதிகம். நேர் எதிர்ப்புள்ளியில் ஏறக்குறையச் சுழி. கண்ணாடி ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) தின்பதைத் தவிர ஒன்றும் நடக்காது. 12 மி.மீ.யில் வானம் திட்டுத் திட்டாகவும் ஆகும்.

கீழே வெள்ளைமேகம் அருகில் நிறைந்திருந்தால் முனையைச் சுற்றிச் சிறிய வண்ண வளையம் தெரியலாம். முழுதும் துல்லியமாகத் தெளிந்த காற்றில் நிழல் மெலிந்து நிற்கும், கொஞ்சம் புகார் வேண்டும். காலையில் பள்ளத்தாக்கு மங்கலாக இருக்கிறதே என்று மனம் தளர வேண்டாம்.

உதயத்துக்கு முன் 6.10 முதல் 6.20 வரை ஒருமுறை மேற்கே திரும்பிப் பாருங்கள். நீலச் சாம்பலாகப் பூமியின் சொந்த நிழல், அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை. அந்தப் பத்து நிமிடத்தில் கிழக்கைவிட மேற்கு அழகு. யாரும் எடுப்பதில்லை.

டைம்லாப்ஸ். ஐரோப்பியர் எழுதிய வழிகாட்டிகளின் வேகத்தை இங்கே பின்பற்றினால் படம் வெளிறிப்போகும். நிலநடுக்கோட்டருகே சூரியன் செங்குத்தாக ஏறுவதால் விடியல் சுருக்கம். முழு இருளிலிருந்து உதயம் வரை 72 நிமிடம் மட்டும். 5.14 முதல் மெதுவாகத் தொடங்கும், 5.39 முதல் 6.04 வரை மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் என்ற வேகம். ஆகவே அந்த 25 நிமிடமும் நிமிடத்துக்கு மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் ஐஎஸ்ஓ 3200இலிருந்து 100 வரை, அதன் பின் ஷட்டர். அப்பர்ச்சரை நடுவில் தொடவே கூடாது. மேனுவல் வளையத்தைத் தொட்டால் ஃப்ரேம் அசையும், ஃபோகஸும் நழுவும். எஃப்/2-இல் நட்சத்திரத்தை முடித்துவிட்டு 5.15க்கு எஃப்/4-க்கு மாற்றி, அங்கிருந்து உதயம் வரை அப்படியே விடுங்கள். இடைவெளி 20 விநாடி.

ஒரே கேமரா என்பதால் ஒன்றைத் தியாகம் செய்துதான் ஆக வேண்டும். என் கருத்தில் விட வேண்டியது டைம்லாப்ஸ். கேமரா கிழக்கே கட்டுண்டு கிடந்தால் பூமி நிழலும் போகும், மலை நிழலின் முதல் ஐந்து நிமிடமும் போகும். அதற்குப் பதில் 5.45க்கு 18–135ஐ மாட்டுங்கள். வடகிழக்கே கீழே மவுசாகலை நீர்ப்பரப்பு, அதன் மேல் பஞ்சுப் பனி, பின்னால் அடுக்கடுக்காக மலைகள். 100 மி.மீ.க்கு மேல் போய் அந்த அடுக்குகளை நெருக்கி எடுங்கள். சூரியன் விளிம்பில் வெடிக்கும் கணத்துக்கு எஃப்/11, இரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் மூன்று படம்.

மஸ்கெலியா_மேகம்:

நிழல் கணக்கு மிகத் தெளிவு. பால்வீதி பற்றி இருள்வானம் சொன்ன திசையையும் ஏற்றுக்கொள்கிறேன், தென்கிழக்கு காடுதான். ஆனால் அது காற்றும் மூடுபனியும் ஒத்துழைத்தால் மட்டும் கிடைக்கும் கூடுதல் பரிசு என்று வைத்துக்கொண்டு, முதல் இரவுப் படத்தை உறுதியாக எடுத்துவிடுங்கள்.

லென்ஸ் பனி பற்றி யாரும் சொல்லவில்லை. லென்ஸின் முன் கண்ணாடி திறந்த வானத்துக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே போனதும் ஈரம் படியும். துடைத்தால் இரண்டு நிமிடத்தில் மறுபடி படியும், துடைத்த கோடும் மிஞ்சும். யூஎஸ்பி 5 வோல்ட் சூடேற்றும் பட்டி ஒன்றை லென்ஸின் முன்விளிம்பை ஒட்டி, ஃபோகஸ் வளையத்தில் படாமல் சுற்றுங்கள். 5 வாட் பட்டிக்கு 10,000 மில்லியாம்ப் பவர்பேங்க் ஆறு மணி நேரம் போல வரும். பனி படிந்த பிறகு போடுவதில் பலன் குறைவு, லென்ஸை வெளியே எடுத்த நொடியிலிருந்து எரிய வேண்டும். பட்டி இல்லையென்றால் கைச்சூட்டுப் பொதி இரண்டை ரப்பர் வளையத்தால் கட்டலாம். வழியில் தேநீர்க் கடைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அடுப்புச் சூடும் கேத்தல் ஆவியும் குளிர்ந்த கேமராவுக்குள் இறங்கினால் சென்சாருக்கு முன்னால் ஈரம் நிற்கும், அதை மலையில் வைத்து எதுவும் செய்ய முடியாது. லென்ஸ் மாற்றுவதையும் காற்றுக்கு முதுகு காட்டி, கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி செய்யுங்கள்.

1.3 கிலோ ட்ரைபாட் காற்றில் ஆடும். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம், மெல்லிய கடைசிக் கால் பகுதியை இழுக்க வேண்டாம். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அதுவே ஊஞ்சலாகிக் கேமராவை ஆட்டும். பையின் அடி தரையைத் தொடுமளவுக்குத் தாழ்த்திக் கட்டுங்கள். பேட்டரி ஒன்றை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். இரண்டு போதாது, மூன்றாவது வாங்குங்கள்.

வானிலைக்கு விண்டி (Windy) செயலியில் தரைமட்ட முன்கணிப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். 800 எச்பிஏ (காற்றழுத்த அலகு) மட்டத்துக்கு மாற்றுங்கள், அது 2,000 மீட்டர் அளவு. அங்கே விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் உச்சி மேகத்துக்குள் இருக்கும். காற்றையும் அதே மட்டத்தில் பாருங்கள்.

கடைசியாக, அது கோயில். மேல் மேடையில் செருப்பு, சப்பாத்து கிடையாது, கல் சில்லிடும், தடித்த காலுறை கூடுதலாக ஒரு சோடி. பாதம் இருக்கும் அறைக்குள் கேமராவைத் தூக்க வேண்டாம். பிளாஷ் வேண்டாம், தலைவிளக்கில் சிவப்பு ஒளி மட்டும். வழிபட வந்தவர் நடக்கும் இடத்தில் ட்ரைபாட் கால் நீட்டி நிற்கக் கூடாது. யாராவது நகரச் சொன்னால் எக்ஸ்போஷர் முடியவில்லை என்று வாதாடாமல் தூக்கிக்கொள்ளுங்கள்.

கோவை_லென்ஸ்:

டைம்லாப்ஸை விட்டுவிட்டேன், போலரைசரும் வேண்டாம். சூடேற்றும் பட்டியும் மூன்றாவது பேட்டரியும் வாங்குகிறேன். ஒரே ஒரு கேள்வி: செவ்வாய் இரவு 800 எச்பிஏ ஈரப்பதம் 95 காட்டினால் ஏறுவதா, விடுவதா?

மஸ்கெலியா_மேகம்:

புதன் இரவையும் கையில் வைத்துக்கொண்டு அறை எடுங்கள். செவ்வாய் 95 காட்டினால் புதனுக்குத் தள்ளுங்கள். புதனும் அப்படியே என்றால் நட்சத்திரத்தைக் கைவிட்டு ஒன்றரை மணிக்கு ஏறுங்கள். உச்சியை மூடும் மேகம் பெரும்பாலும் மெல்லிய தொப்பிதான், வெயில் பட்டதும் ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் கிழிந்து கிழிந்து மூடும். அந்தக் கிழிசலில் நிழல் மேகத்தின் மேலேயே விழும். 12 மி.மீ.யை மாட்டி, ஃபோகஸை டேப் போட்டு, மேற்கு ஓரத்தில் நில்லுங்கள்.